முதல் கிழமைப் படம்

சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று பிடிப்பதற்கு முந்திய கிழமைகளில், யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் கருவாடு போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்தபடிதான் சோறு தின்பார்கள். காலை வெயிலை நம்பி மீனைத் தட்டியில் பரப்பினால், பின்னேரம் திருப்பிப் போடுவதற்குள் மண்டைதீவுப் பக்கம் கறுத்துவிடும். மழை பட்ட கருவாட்டைச் சந்தை வியாபாரி விரலாலும் தொடமாட்டான்.

அன்றும் றெஜினா ஒரு கண்ணை மேற்கில் வைத்துக்கொண்டு, கட்டா மீன்களை முதுகுப்பக்கமாகப் பிளந்துகொண்டிருந்தாள். புருசன் செபநாயகம் முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தார். மாரி முடிந்துதான் வருவார். வீட்டில் அவளும் தகப்பன் அடைக்கலநாதனும்தான். முழங்கால் இரண்டும் வீங்கிக் கடலுக்குப் போக ஏலாமற்போன அடைக்கலநாதன், கொட்டில் வாசலில் கதிரை போட்டிருந்து காகம் கலைப்பார்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற சந்தியோகு சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உரப்பையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"றெஜினா, கொப்பர் நிக்கிறாரோ?"

"நிக்காமல்? முழங்கால் விட்டாத்தானே எங்கையும் போறதுக்கு. உதென்ன, பைக்குள்ளை?"

"மணத்தைப் பிடிச்சுச் சொல்லு பாப்பம்."

மீன் குடல் நாறுகிற அந்த இடத்திலும் அந்தப் புளித்த மணம் தனியாக வந்தது.

"வினாகிரி. ஆர் வீட்டு அச்சாறு?"

"அச்சாறு இல்லையடி பிள்ளை. நத்தார்ப் பாலன் குடில் சாமான் வைக்கிற அறைக்குக் கூரை பிரிச்சனாங்கள். மூண்டு ராசாக்களின்ரை ஒட்டகத்துக்குப் பின்னாலை கிடந்தது. ஃபாதர் மூடியைக் கிளப்பிப் பாத்திட்டு இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறார்."

பைக்குள் இருந்தது சோற்றுத் தட்டு அகலத்தில், கறள் பிடித்த வட்டத் தகரப் பெட்டி. மூடியில் யாரோ மையால் எழுதியிருந்தது பாதி உதிர்ந்து கிடந்தது: சோளகக் கரை, கடைசி.

அடைக்கலநாதன் ஊன்றுபொல்லைப் பிடிக்காமலே கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

'சோளகக் கரை' எழுபத்தொன்பதில் பட்டணத்து வியாபாரிகள் சிலர் காசு சேர்த்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நடிகர்கள் நாலைந்து பேர்தான் வெளியார். மற்றதெல்லாம் குருநகர்ச் சனம். கடலுக்குப் போன இரண்டு வள்ளங்கள் திரும்பவில்லை. பெண்கள் கரையில் நிற்கிறார்கள். கதை அவ்வளவுதான். விடிகிற நேரம், அதுவரை படத்தில் முதுகை மட்டும் காட்டி நின்ற இளம்பெண் ஒருத்தி அரிக்கன் லாம்போடு முழங்கால் தண்ணீர் வரை நடந்துபோய், நின்று, திரும்பிப் பார்க்கிறாள். அவள் முகம் திரை முழுக்க நிற்கிறது. அதோடு படம் முடிகிறது.

படம் வந்த முதல் கிழமை, அந்த ஏழு நாளும், பார்த்தவர்கள் ஒரு பேச்சும் இல்லாமல் எழும்பிப் போனார்கள். இரண்டாம் கிழமை கொட்டகையில் ஆள் இல்லை. படத்தை வாங்கி ஓட்டியவர்கள் பயந்துபோய், கொழும்பில் வேறு முடிவொன்றை எடுத்து ஒட்டினார்கள். அதில் வள்ளம் வருகிறது, கலியாணம் நடக்கிறது, பாட்டும் இருக்கிறது. பிறகு வீடியோக் கசெற்றில் வந்ததும், ரொறன்ரோக் கடைகளில் விற்றதும், இப்போது யூரியூப்பில் கிடப்பதும் அந்த மாற்றிய படம்தான். கழற்றிய பழைய சுருளை, எங்கடை முகங்கள் இருக்கிறதென்று குருநகர்ச் சனம் கேட்டு வாங்கிக் கோயிலில் வைத்ததாக ஒரு பேச்சு. நாற்பது வருடத்துக்கு மேலாக அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

லாம்போடு நடந்த பெண் லவீனா, றெஜினாவின் தாய்.

அடைக்கலநாதன் அவளைக் கட்டியது எண்பத்தொன்று வைகாசியில். கலியாணப் படம் எடுத்த ஸ்ரூடியோ, பட்டணம் எரிந்தபோது அவர்கள் போய் எடுப்பதற்கு முன்னமே எரிந்துபோனது. றெஜினா கைக்குழந்தையாக இருக்கும்போதே லவீனா காய்ச்சலில் போய்விட்டாள். அடையாள அட்டை மரணப் பதிவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனது, திரும்பி வரவில்லை. அப்படியாக, நாற்பத்துமூன்று வயது வரை றெஜினா தன் தாயின் முகத்தைக் கண்டதில்லை. மூக்கு தாயின்ரை என்பார் ஒருவர், நெற்றிதான் தாயின்ரை என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

முதல் கிழமைப் படத்தைத் திரும்பச் சேர்த்தெடுக்க மூன்று பேர் முனைந்து நின்றார்கள். அதில் இரண்டு பேர் இந்த வீட்டுக்கும் பலமுறை வந்து போனவர்கள். ஒருவன் தேனுஜன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்ட அறையெடுத்திருந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற பெடியன். இன்னொருவன் ரொறன்ரோவில் லொறி ஓடுகிற றொகான். உலகமெல்லாம் தேடிப் பழைய கசெற்றுகளை வாங்கி அனுப்புவான். மூன்றாமவர் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் சிவரூபன். பன்னிரண்டு வயதில் மாமனின் சைக்கிள் பாரில் ஏறி வந்து, முதல் கிழமையிலேயே அந்தப் படத்தைப் பார்த்தவர். படம் வெளிவருமுன் வானொலிக்குக் கொடுத்த படத்தின் ஒலியை, வானொலிக்காரர் ஒருமுறை முழுதாகப் போட்டபோது அதைக் கசெற்றில் பதிந்து, இடம்பெயர்ந்த இடமெல்லாம் நெல்லுப் பையோடு காவித் திரிந்தவர். ஆக, முதல் கிழமைப் படத்தின் சத்தம் முழுதாக அவர்களிடம் இருந்தது. கடைசிச் சுருளின் படம்தான் இல்லை. சத்தத்திலும் லவீனா இல்லை. அவளுக்குப் பதிலாக அழுகிற குரல் கொழும்பு நடிகை ஒருத்தியுடையது.

றெஜினா தேனுஜனுக்குப் போன் எடுத்தாள். மூடியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள்.

"தம்பி, நிக்கிறீரோ?"

"நிக்கிறன் அக்கா. மூடியைத் திறக்காதேங்கோ. நான் கொழும்பில நிக்கிறன். வெள்ளிக்கிழமை சிவரூபன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாறன். அதுவரைக்கும் குளிர்ச்சியான இடத்தில வையுங்கோ."

"வினாகிரி மணக்குது. பழுதாய்ப் போச்சோ?"

"பழுதாகத் தொடங்கிட்டுது எண்டுதான் அர்த்தம். எண்டாலும் பயப்பிடாதேங்கோ. ஒட்டியிருந்தால் மெல்ல மெல்லப் பிரிப்பம். அதுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

கொட்டிலில் குளிர்ச்சியான இடம் உப்புத் தொட்டிக்குக் கீழேதான். தகரத்தை அங்கே வைத்து மேலே ஈரச் சாக்கொன்றைப் போட்டாள்.

இரவு புட்டும் ஒரா மீன் குழம்பும். அடைக்கலநாதன் வழக்கத்தைவிடக் கூடச் சாப்பிட்டார்.

"என்ரை வெள்ளைச் சேட்டை அயன் பண்ணி வை, பிள்ளை."

"ஏன், பெண் பாக்கப் போறியளோ?"

"ஓம். ஒருக்காப் பாத்த பெண்தான்." அவர் குழம்பை வழித்து நக்கினார். "அண்டைக்கு அவள் திரும்பினது நான் கூப்பிட்டபடியால்தான், தெரியுமோ? படம் எடுக்கிறவன் கடலைப் பாத்துக்கொண்டு நில் எண்டவன். நான் கமராக்காரனுக்குப் பின்னாலை நிண்டு, லவீனா எண்டு ஒரு சத்தம் வைச்சன். திரும்பிட்டாள். அவன் என்னை அடிக்க வந்தவன். பேந்து படத்தைப் போட்டுப் பாத்திட்டு, உதுதான் முடிவு எண்டிட்டான்."

இந்தக் கதையை அவள் சின்னதிலிருந்து கேட்டு வருகிறாள். முன்பெல்லாம் தகப்பன் புழுகுகிறார் என்று நினைத்திருந்தாள்.

"அம்மா என்னை மாதிரியோ, அப்பா?"

"உன்னைப் போல வாய் இல்லை."

"முகத்தைக் கேட்டனான்."

"வெள்ளிக்கிழமை பாரன். நான் ஏன் இப்ப சொல்லுவான்?"

வியாழக்கிழமை காற்று விழுந்துபோனது. கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. வெக்கையில் அந்த மணம் கொட்டிலை விட்டு வெளியே வந்து, சமையல் அறைக்குள்ளும் நின்றது. மீன் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதுக்குள்ளை என்னத்தையடி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டாள். மீன் நாறத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று றெஜினாவுக்குத் தெரியும். காலையில் கொஞ்சம் மணக்கிற மீன் மத்தியானம் கையில் கரையும். நாளைக்கு வருகிறவர்கள் திறந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? தகப்பன் பின்னேர நித்திரையில் இருந்தார். அவள் சாக்கை விலக்கினாள்.

தகரத்துக்குள் இருந்ததைச் சுருள் என்று சொல்ல ஏலாது. அது கறுத்த கட்டி. மேலே மா தூவினதுபோல வெள்ளைப் பொடி. நகத்தால் தட்டினால் பலகைச் சத்தம் கேட்டது. ஓரத்தில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

உப்புத் தொட்டியில் பாரத்துக்குக் கீழே கிடக்கிற மீன்களும் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அவசரப்பட்டு இழுத்தால் தோல் உரியும். வெறும் தண்ணீர் ஊற்றினால் சதை ஊதிப்போகும். றெஜினா இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்து, மீனை அதில் கிடத்திவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடித்து வருவாள். வரும்போது ஒரு செதில் போகாமல் கழன்றிருக்கும். கரையில் ஆருக்காவது மீன் ஒட்டிவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டியிருந்தால் மெல்லப் பிரிப்பம் என்று தேனுஜன் சொன்னதில் அவளுக்கு விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை.

மீன் படாத, அகன்ற புதுச் சருவப் பாத்திரத்தைத்தான் எடுத்தாள். முழங்கையால் சூடு பார்த்தாள். சுருளை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தண்ணீருக்குள் இறக்குவதுபோல இறக்கினாள்.

கழன்றது. மேல் சுற்றுகள் ஒவ்வொன்றாக, ஒரு இழுப்பும் இல்லாமல், தாமாகவே விட்டுக்கொடுத்து வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கழன்றதைத் தட்டியில், கட்டா மீன்களுக்குப் பக்கத்தில், நிழலான இடமாகப் பார்த்து வளைத்து வளைத்துப் போட்டாள். ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

கட்டம் கட்டமாகக் கரை தெரிந்தது. அரிசி அளவில் தலைகள். வரிசையாகப் பெண்கள், முதுகு காட்டியபடி. அவர்களைத் தாண்டி ஒருத்தி தண்ணீருக்குள் நிற்கிறாள். கையில் வெள்ளைப் புள்ளி. அடுத்த கட்டத்திலும் அவள். அதற்கு அடுத்ததில் தலை கொஞ்சம் சரிந்திருந்தது. திரும்பப் போகிறாள். மேலே ஒரு படலமாகப் பொடி படிந்திருந்ததால் றெஜினா அதைப் பெருவிரலால் துடைத்தாள்.

பெண் பெருவிரலோடு வந்துவிட்டாள்.

விரலில் கறுத்த வழுவழுப்பு. கட்டத்தில் ஒன்றும் இல்லை. அதற்கூடாகத் தென்னை மரம் தெரிந்தது. அவள் அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். அங்கே அது விரல் படாமலே வழிந்துகொண்டிருந்தது. தட்டிக்கு ஓடினாள். வளைத்துப் போட்டதெல்லாம் பளிச்சென்று கிடந்தது. சருவத்துத் தண்ணீர் கணவாய் மீன் கழுவின தண்ணீர் போலிருந்தது. மிச்சச் சுருளை அள்ளி வெளியே எடுத்தாள். எடுத்த கையிலும் முழங்கை வரை வழிந்தது.

அடைக்கலநாதன் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து தட்டியருகே நின்றார்.

"உதென்ன பிள்ளை, பொலித்தீனோ? மீனை மூடவோ?"

அவர் சருவத்தைப் பார்த்தார். மூடி திறந்து கிடந்த தகரத்தைப் பார்த்தார். பிறகு தட்டியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே போனார். முடிந்ததும் அடுத்த துண்டை எடுத்தார். அன்று காகம் கலைக்க ஆள் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிவரூபன் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடும், தேனுஜன் பஞ்சு வைத்த பெட்டியோடும் வந்தார்கள். றெஜினா வாசலிலேயே சொல்லிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை, தேத்தண்ணி வேண்டுமோ என்று கேட்கவில்லை. முதலில் அதைத்தான் சொன்னாள்.

தேனுஜன் கொட்டிலுக்குள் போய்ச் சருவத்துக்கு முன்னால் குந்தினான். சிவரூபன் வாழைச் சீப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"உப்புமோ போட்டனீர்?"

"ஓம் அண்ணை."

"நாப்பத்தாறு வருசம்!" என்றார் அவர். "ஷெல் விழேக்கை தப்பிச்சுது. இடம்பெயரேக்கை தப்பிச்சுது. கோயில்ல ஒட்டகத்துக்குப் பின்னாலை பத்திரமாக் கிடந்தது. உங்கடை கைக்கு வந்து மூண்டு நாள், மூண்டே மூண்டு நாள் சும்மா இருக்க ஏலாமப் போச்சே! திறக்காதேங்கோ எண்டு பெடியன் சொன்னவனோ இல்லையோ?"

"சொன்னவர்."

"பேந்து ஏன் திறந்தனீர்?"

"தம்பி," என்றார் அடைக்கலநாதன். "பிள்ளையைப் பேசாதையும். உமக்கு அது படம். அவள் தாயைத் தேடினவள்."

தேனுஜன் நிமிரவில்லை.

"நடுவில கொஞ்சம் நனையேல்லை, அண்ணை. பாக்கலாம்."

"நடுவில எந்தப் பகுதி? தொடக்கமோ முடிவோ?" என்று சிவரூபன் கேட்டார்.

"முடிவு வெளியாலை இருக்கும். கடைசியா ஓட்டினவங்கள் திருப்பிச் சுத்தேல்லை. நடுவில இருக்கிறது தொடக்கம்."

தேனுஜன் எல்லாவற்றையும் படமெடுத்து றொகானுக்கு அனுப்பினான்; உடனே போனில் றொகானின் குரல்பதிவு ஒன்று வந்தது. விரல் பட்டு அது சத்தமாகவே திறந்துகொண்டது. "உந்த ஆக்களிட்டை ஏன் மச்சான் விட்டனீ? மீன் கழுவுற சனத்துக்கு ஃபில்ம் எண்டா என்னெண்டு தெரியும்? அண்டைக்கே ஒரு ஓட்டோவில..."

சிவரூபன் போனைப் பறித்து நிறுத்தினார். அவர் வாழைச் சீப்பை உப்புத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதில் இருந்தார். இத்தனை தரம் வந்தும், கடற்கரைச் சனத்தின் வீடென்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவர்.

"தேத்தண்ணி ஊத்து, பிள்ளை," என்றார் சிவரூபன். "சீனி கூடப் போடு."

மழை தொடங்கின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்தார்கள். படம் சேர்த்து முடிந்துவிட்டதாம், உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்க்க இணையத்தில் போடமுந்தி, இங்கே காட்டவேண்டுமென்று சிவரூபன் பிடிவாதமாக நின்றாராம். மேசையில் அதை வைத்தார்கள். அடைக்கலநாதன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார். றெஜினா அவருக்குப் பின்னால், கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள்.

படம் நன்றாகவே வந்திருந்தது. யூரியூப்பில் பனிமூட்டமாகத் தெரிந்த முகங்களில் இப்போது வேர்வை தெரிந்தது. வள்ளம் வைத்திருந்து செத்துப்போன சம்மாட்டிமாரை அடைக்கலநாதன் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு வந்தார். கடைசிச் சுருளில் தப்பினது நாலைந்து மூச்சளவு: விடியாத கரை, பெண்களின் முதுகுகள். அதில் லாம்பு இல்லை. அவள் நடக்கத் தொடங்குவதற்கு முந்தியது. அதற்குப் பிறகு திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது: இச்சுருளின் எஞ்சிய பகுதி காலத்தால் அழிந்துவிட்டது.

"நிப்பாட்டும்," என்றாள் றெஜினா.

தேனுஜன் நிறுத்தினான்.

"காலம் அழிக்கேல்லை. காலம் வைச்சிருந்தது. நான்தான் கழுவினனான். அப்பிடிப் போடும்."

"அக்கா, எங்கெங்கை இருந்தெல்லாமோ பாப்பினம். அதில போய்..."

"பாக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை," என்றார் சிவரூபன். "உன்ரை பேரை நாங்கள் போடமாட்டம். நான் ஒருநாளும் விடன்."

தேனுஜன் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு அந்த வரியை அழித்தான். வேறொன்றையும் எழுதாமல் திரும்ப ஓடவிட்டான்.

இப்போது வெறும் கறுப்பு. சத்தம் மட்டும் வந்தது: அலை, தூரத்தில் ஒரு நாய், தண்ணீருக்குள் கால் வைக்கிற சத்தம். வானொலியின் இரைச்சல் எல்லாவற்றின் மேலும் மணல்போல விழுந்துகொண்டிருந்தது. கொழும்பு நடிகை விம்மத் தொடங்கினாள்.

"இப்ப திரும்புறாள்," என்றார் அடைக்கலநாதன். "வலப்பக்கத்தாலை."

"இடப்பக்கம், அண்ணை," என்றார் சிவரூபன்.

"என்ன?"

"இடத்தோளுக்கு மேலாலை. லாம்பு இடக்கையில. வெளிச்சம் கன்னத்தில விழும். நான் எத்தினை தரம் நினைச்சுப் பாத்திருப்பன்."

"உமக்கு அப்ப பன்ரண்டு வயசு. சைக்கிள் பாரில வந்த பெடி. நான் பக்கத்தில நிண்டு கூப்பிட்டனான், கூப்பிட்ட பக்கம்தானே திரும்புவாள்? நான் வலப்பக்கம் நிண்டனான்."

"கமராக்காரனுக்கு வலமோ, அவவுக்கு வலமோ?"

அடைக்கலநாதன் கதிரை நுனிக்கு வந்தார்.

"பொறும்," என்றார். "கமராவுக்கு இஞ்சாலை நான். அவள் அங்காலை பாத்துக்கொண்டு நிண்டவள். அப்ப எனக்கு வலம்..." கதிரையில் இருந்தபடியே உடம்பைத் திருப்பிப் பார்த்தார். முழங்கால் விடவில்லை.

"லாம்பு எந்தக் கையில, அப்பா?" என்று றெஜினா கேட்டாள்.

அவர் வலக்கையைத் தூக்கினார், லாம்பொன்றைப் பிடித்திருப்பதுபோல. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதை இறக்கி, இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். சிவரூபனும் இடம் என்று சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த கறுப்பு அசையவில்லை.

அடைக்கலநாதன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

நடிகை அழுது முடித்தாள். அலை கொஞ்சம் கேட்டது. கடைசியில், நீர்வேலியில் அந்தக் காலத்தில் சிவரூபன் கசெற் பதிவை நிறுத்த, ரேடியோப் பெட்டியில் பொத்தானை அமத்தின 'டக்' என்ற சத்தம். அதைத் தேனுஜன் வெட்டாமல் விட்டிருந்தான்.